பாத்திரக்கடைத் தராசும் பழைய சில்லறையும்

வீட்டில் பழைய சில்லறை ஒரு டப்பா அகப்பட்டால் முதல் வேலை, அதைக் கழுவாமல் இருப்பது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. கும்பகோணத்தில் எங்களுக்குப் பாத்திரக்கடை. தாத்தா வைத்தது, அப்பா நடத்தியது, இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். பித்தளையும் செம்பும் பளபளவென்று இருந்தால்தான் எங்கள் பிழைப்பு. புளியும் சாம்பலும் வைத்துத் தேய்ப்பது கைக்கு வந்த பழக்கம்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, பழைய பாத்திரத்துக்குப் புதிது மாற்ற வந்த ஒரு குடத்தைக் கவிழ்த்தால், அடியில் களிம்பு பிடித்துக் கட்டியாய் ஒட்டியிருந்தது சில்லறை. குடம் கொண்டுவந்த பாட்டி, "எங்க மாமியார் போட்டு வச்சதா இருக்கும், நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதில் ஒரு காலணா, 1906. அப்பா பார்ப்பதற்கு முன்னால் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து, புதுச் சொம்பு மாதிரி ஆக்கிவிட்டேன். தெருக்கோடியில் தபால் ஆபீசில் வேலை பார்த்த மாமா ஒருவர் காசு சேர்ப்பவர். அவரிடம் ஓடிக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொட்டை போட்டுட்டியேடா. தலையா இருந்தா முடி முளைக்கும். இது முளைக்காது" என்றார்.

செம்பின் மேல் நூறு வருஷமாய்ப் படிந்த அந்தப் பழுப்பு அழுக்கு இல்லை, காசின் தோல். அதை உரித்துவிட்டால் கீழே உள்ள நுணுக்கக் கோடுகளும் சேர்ந்து போகும். சேகரிப்பவன் தேடுவது அந்தக் கோடுகளைத்தான்.

ஆனால் அந்த மொட்டைக் காலணாதான் எனக்கு முதல் பாடமும் நடத்தியது. மாமா தன்னிடமிருந்த இன்னொரு 1906 காலணாவை எடுத்து என் இன்னொரு கையில் வைத்தார். அதே வருஷம், அதே ஏழாம் எட்வர்ட் தலை. ஆனால் என்னுடையது கனம், அவருடையது லேசு. கடைக்குப் போய் அப்பாவின் சின்னத் தராசில் போட்டுப் பார்த்தபோது வித்தியாசம் ஒன்றரை கிராமுக்கு மேல். தேய்மானத்தில் அவ்வளவு போகாது. விஷயம் இதுதான்: 1906 வரை காலணா செம்பில் அடித்தார்கள், எடை 6.47 கிராம். அந்த வருஷமே வெண்கலத்துக்கு மாறினார்கள், எடை 4.86 கிராம். இடையில் மாறிய வருஷம் என்பதால் 1906இல் இரண்டும் உண்டு. அதைவிடச் சின்னக் காசான தம்பிடியிலும் இதே கதைதான்: செம்பு 2.16 கிராம், வெண்கலம் 1.62.

அன்று முதல் என் வரிசை இதுதான். முதலில் உலோகம், அப்புறம் வருஷம், கடைசியில் எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் அடையாளம். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலிலேயே லென்ஸை எடுத்துக்கொண்டு புள்ளி இருக்கிறதா, நட்சத்திரம் இருக்கிறதா என்று தேடுவார்கள். உலோகமும் வருஷமும் தெரியாமல் புள்ளியைக் கண்டுபிடித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

வாங்கவேண்டிய சாமான் மூன்று. நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் கையடக்க மின் தராசு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நகை ஆசாரிகள் கண்ணில் சொருகிக்கொள்வது போதும். ஒரு காந்தம், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. ஆல்பம் எல்லாம் அப்புறம்.

இப்போது டப்பாவைக் கொட்டுவோம். வெள்ளைத் துணியில் கொட்டுங்கள், தரையில் வேண்டாம். சாதாரணமாக ஒரு தமிழ்நாட்டு வீட்டு டப்பாவில் மூன்று காலத்துக் காசு கலந்து கிடக்கும். வெள்ளைக்காரன் கால அணாக்கள், 1950இலிருந்து வந்த நம் அரசின் அணாக்கள், 1957 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த பைசாக்கள். பழைய கணக்கு பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் எழுதி வைக்கிறேன்: ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு நாலு காலணா, ஒரு காலணாவுக்கு மூன்று தம்பிடி. ஆகமொத்தம் ரூபாய்க்கு 64 காலணா, 192 தம்பிடி. "ஒரு தம்பிடி தேறாது" என்று அப்பா சிலரைப் பற்றிச் சொல்வார். அந்தத் தம்பிடி இதுதான்.

ஆரம்பிப்பவர்களுக்கு நான் பைசாவைத்தான் சொல்வேன். மலிவு, நிறையக் கிடைக்கும், அதற்குள் வகைகளோ கொட்டிக் கிடக்கின்றன. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்று ஆனபோது, எடைக்குப் போட வந்த சில்லறையை நான் கிலோ கணக்கில் வாங்கினேன். அலுமினியம்தான் அதிகம். அதற்குள்தான் படித்தேன்.

ஒரு பைசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1957இல் வந்தது 'நயா பைசா', அதாவது புதுப் பைசா. பழைய பைசாவோடு குழம்பக்கூடாது என்று வைத்த பெயர். மக்களுக்குப் பழகிப்போனதும் 1964 ஜூன் 1 முதல் 'நயா'வை எடுத்துவிட்டார்கள். இந்தி தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். எண்ணும் வருஷமும் நமக்குத் தெரிந்த இலக்கங்களிலேயே இருக்கும். 1963 வரை நயா பைசா, 1964இலிருந்து வெறும் பைசா, அவ்வளவுதான். மேலே ஓடும் இந்தி வரியில், இது ரூபாயில் நூறில் ஒரு பங்கு என்று எழுதியிருக்கும். ஐந்து பைசாவில் இருபதில் ஒரு பங்கு, பத்தில் பத்தில் ஒரு பங்கு. புதுக் கணக்கைக் காசே பாடம் நடத்தியிருக்கிறது.

அந்த ஒரு நயா பைசா 1957 முதல் வெண்கலம். 1962இல் நிக்கல் கலந்த பித்தளைக்கு மாறியது. மறுபடி மாறிய வருஷத்தில் இரண்டும்! 1962இல் ஒரு வெண்கலம், ஒரு பித்தளை. இங்கே தராசு கைகொடுக்காது, இரண்டும் ஏறக்குறைய ஒன்றரை கிராம்தான். கண்தான் வேண்டும். நன்றாகப் பழகிய வெண்கலம் சாக்லேட் நிறத்துக்குப் போகும். பித்தளை மங்கினால் காய்ந்த வாழைமட்டை நிறம், பச்சையும் மஞ்சளுமாய். இரண்டும் ஒரே மாதிரிக் கறுத்துப் போயிருந்தால் முகத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். பையிலும் கையிலும் உரசி உரசி விளிம்பில்தான் உண்மை நிறம் வெளியே தெரியும். பித்தளைக் குடத்தை வாங்கும்போதும் நாங்கள் வாய் விளிம்பைத்தான் பார்ப்போம். 1964 பைசாவிலும் இதே இரட்டை உண்டு. ஆக 1962 இரண்டு, 1964 இரண்டு, இந்த நாலையும் சேர்த்துவிட்டால் உங்கள் கண் பழகிவிட்டது என்று அர்த்தம். 1965 முதல் ஒரு பைசா சதுர அலுமினியம், முக்கால் கிராம், ஊதினால் பறக்கும்.

வடிவங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பைசா எட்டு வளைவுள்ள பூ. மூன்று பைசா அறுகோணம், 1964இல் புதிதாக வந்து 1971 வரைதான் இருந்தது. ஐந்து பைசா சதுரம், மூலை மழுங்கியது. 1966 வரை செம்பு நிக்கல் கலவை, 1967 முதல் அலுமினியம். பத்துப் பைசா பெரிய பூ. முதலில் செம்பு நிக்கல், 1968இல் மஞ்சள் உலோகம், 1971இல் அலுமினியம், 1983இல் சற்றுச் சிறிய அலுமினியம், 1988இல் வட்ட வடிவில் எவர்சில்வர். ஒரே பத்துப் பைசா நாற்பது வருஷத்தில் இத்தனை சட்டை மாற்றியிருக்கிறது. காரணம் ஒன்றே ஒன்றுதான்: உலோகத்தின் விலை காசின் மதிப்பை எட்டிப் பிடித்துக்கொண்டே வந்தது. எங்கள் மாதிரிக் கடைக்காரர்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இருபது பைசாவில் 1968 முதல் 1971 வரை வந்த தாமரைக் காசு மஞ்சள் நிறம். எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை லட்சுமி பூஜைக்கு 108 சேர்த்து வைத்த வீடுகள் உண்டு. அதனாலேயே குங்குமமும் எண்ணெயும் ஏறிய தாமரைக் காசுகள்தான் அதிகம் கிடைக்கும். அதையும் தேய்க்காதீர்கள். இந்த இருபது பைசாவில் காந்தி முகமும் 1869, 1948 என்ற ஆண்டுகளும் இருப்பது 1969இல் வந்த நூற்றாண்டுக் காசு. பலர் இதைத் தாமரைக் காசோடு கலந்து வைத்துவிடுவார்கள், பிரித்துவிடுங்கள். ஐம்பது பைசாவிலும் ஒரு நல்ல ஜோடி: 1964இல் நேரு முகத்தோடு வந்தது, பெயர் ஆங்கிலத்தில் ஒரு வகை, இந்தியில் ஒரு வகை.

நாலணாவுக்குக் காந்தம். 25 பைசாவை இன்றும் நாங்கள் நாலணா என்றுதான் சொல்கிறோம். 1957 முதல் வந்த 25 நயா பைசா சுத்த நிக்கல், காந்தம் 'டக்'கென்று இழுக்கும். 1972 முதல் வந்தது செம்பு நிக்கல், காந்தம் சட்டை செய்யாது. 1988இல் தொடங்கிய காண்டாமிருகப் படம் போட்டது எவர்சில்வர், மறுபடியும் ஒட்டும். பிள்ளைகளை உட்காரவைத்து இதைச் செய்யச் சொன்னால் மத்தியானம் முழுக்கத் தொந்தரவு இருக்காது.

இப்போதுதான் லென்ஸ். வருஷத்துக்கு நேர் கீழே பாருங்கள். வைர வடிவம் இருந்தால் பம்பாய். ஐந்துமுனை நட்சத்திரம் ஹைதராபாத். வட்டப் புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா. பழைய ஹைதராபாத் காசுகளில் நட்சத்திரத்துக்குப் பதில் நடுவே பிளந்த வைரமோ, உள்ளே புள்ளி வைத்த வைரமோ இருக்கும். தேய்ந்தால் அது பம்பாய் வைரம் போலவே தெரியும். வெளிச்சத்தைத் தலைக்கு மேலிருந்து விடாதீர்கள். காலை ஏழு எட்டு மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து, வெயில் சாய்வாக விழும்படி காசை மெல்லத் திருப்பினால், நேராகப் பார்த்தபோது இல்லாத பிளவு நிழலாக எழுந்து நிற்கும்.

உலோகமும் வருஷமும் முதலில் என்று ஏன் சொன்னேன் என்றால் இந்தப் புள்ளிக்காகத்தான். 1972 நாலணாவில் ஒருவர் புள்ளியைப் பார்த்துவிட்டு, நொய்டா என்று சந்தோஷமாக என்னிடம் கொண்டுவந்தார். நொய்டா நாணயச்சாலை வேலை தொடங்கியதே 1988இல். அவர் பார்த்தது தேய்ந்துபோன நட்சத்திரம். ஐந்தாம் ஜார்ஜ் கால வெண்கலக் காசில் வருஷத்துக்குக் கீழே சிறு புள்ளி இருந்தாலோ, அது பம்பாய். அதே புள்ளி, வேறு காலம், வேறு ஊர். 1988 தேதி போட்ட எவர்சில்வர் காசுகள் சிலவற்றில் ஆங்கில 'சி' எழுத்து இருக்கும், அது கனடாவில் அடித்தது. சில்லறைத் தட்டுப்பாட்டுக்காக வெளிநாட்டில் அடித்து வாங்கிய காலம் அது.

பைசா பழகியபின் காலணாவுக்கு வாருங்கள். 1911 காலணா கிடைத்தால் விடாதீர்கள். அரசர் ஐந்தாம் ஜார்ஜ் அங்கியில் தொங்கும் பதக்கச் சங்கிலியில் சின்ன யானை ஒன்று இருக்கிறது. அந்த முதல் வருஷ அச்சில் தும்பிக்கை சரியாக விழாமல், அது பன்றி மாதிரி இருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சாகி, முஸ்லிம்கள் மனம் புண்பட்டது. 1912 முதல் யானையைத் திருத்தி அடித்தார்கள். ரூபாயில் இது பெரிதாகத் தெரியும், விலையும் பெரிது. காலணாவில் எள்ளளவுதான், லென்ஸ் இல்லாமல் நடக்காது. 1911ஐயும் 1912ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

அப்புறம் ஓட்டைக் காலணா. யுத்த காலத்தில் செம்புக்குத் தட்டுப்பாடு. அதனால் 1943 முதல் 1947 வரை நடுவில் ஓட்டை போட்டு, ஏறக்குறைய 2 கிராமில் முடித்துவிட்டார்கள். முந்தைய காலணாவில் பாதிகூட இல்லை. எங்கள் கடையில் ஒரு பெரிய அண்டாவின் கைப்பிடி ஆணிக்கு வாஷராக ஓட்டைக் காலணா போட்டிருந்ததைக் கழற்றியிருக்கிறேன். இதை எல்லோரும் ஒரே காசு என்று நினைத்து ஒன்று வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடுவார்கள். மேலே உள்ள கிரீடத்தைப் பாருங்கள். சிலவற்றில் அடக்கமான உருண்டை, சிலவற்றில் உயர்ந்து நிற்கும். எழுத்தும் வருஷமும் சிலவற்றில் பொடி, சிலவற்றில் பெரிது. பத்து ஓட்டைக் காலணாவை வரிசையாக வைத்து, மற்ற எதையும் பார்க்காமல் கிரீடத்தை மட்டும் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரே விஷயம், இதுதான் வகை பிரிக்கும் வித்தை. சுதந்திரத்துக்குப் பின் 1950இல் வந்த குதிரைக் காலணாவிலும் இப்படி உண்டு. அந்த முதல் வருஷத்தது தடிமன், அடுத்து வந்தவை மெல்லியவை. நகத்தால் விளிம்பைத் தடவினாலே தெரியும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய சின்னக் காசுகள் ஒரு தனி உலகம். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் அடித்த காசில் ஒரு பக்கம் கிரீடமும் அரசர் பெயரின் முதலெழுத்துகளும், மறுபக்கம் மதிப்பும் இருக்கும். 1845இல் ஊரையே ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பிரெஞ்சுக்காரர் காசில் தமிழிலேயே 'புதுச்சேரி' என்று உடைத்து உடைத்து எழுதியிருக்கும். புதுக்கோட்டை அம்மன் காசில் ஒரு பக்கம் உட்கார்ந்த அம்மன், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. கையால் அடித்த பழையது கோணலாய் உருண்டையாய் இருக்கும், இயந்திரத்தில் அடித்த பிந்தியது வட்டமாய்ச் சீராய் இருக்கும். இரண்டும் வேறு வேறு வகை. ஆற்று மணலிலோ கொல்லையிலோ தோண்டும்போது புதையலாகக் கிடைத்தால் அது உங்களுடையது ஆகிவிடாது. கலெக்டருக்குச் சொல்லவேண்டும் என்று 1878லிருந்து சட்டம் இருக்கிறது. நூறு வருஷம் தாண்டிய காசை வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது.

போலியைப் பற்றி. வாரம் ஒருவராவது 1818 என்று போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காசைக் கொண்டுவருகிறார்கள். ஒரு பக்கம் அனுமார், அல்லது ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் ஓரணா என்றோ அரையணா என்றோ. கம்பெனி இப்படி ஒன்றை அடித்ததே இல்லை. ஓரணா என்ற காசே 1907இல்தான் வந்தது, வளைந்த விளிம்போடு. இவை கோயில் வாசலில் விற்ற பொம்மைக் காசுகள். பூஜையில் வையுங்கள், பணம் கொடுத்து வாங்காதீர்கள். அதேபோல் பழைய ஐந்து பைசாவுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று போனில் வரும் செய்தி. ரிசர்வ் வங்கி 2021இலேயே, தன் பெயரைச் சொல்லி இப்படி யாரும் கேட்டால் நம்பாதீர்கள் என்று அறிவித்தது. என் மச்சினர் அதற்குப் பிறகும் இரண்டாயிரம் கட்டினார், அது வேறு கதை.

பிரித்த காசை நடுவில் ஒளிபுகும் வட்டம் வைத்த அட்டை உறையில் போடுங்கள். மலிவான மெத்து பிளாஸ்டிக் உறையில் போட்டால் இரண்டு மழைக்காலத்தில் காசு பிசுபிசுத்துப் பச்சை பிடிக்கும். ரப்பர் பேண்ட் கூடவே கூடாது. அலுமினியத்தைச் செம்போடு ஒரே டப்பாவில் ஈரமாய் வைத்தால் வெள்ளை மாவு பூக்கும். காசைப் பிடிப்பது எப்போதும் விளிம்பில், முகத்தில் விரல் படக்கூடாது.

ஒரு நோட்டுப் போடுங்கள். வருஷம், உலோகம், எடை, அடையாளம், எங்கிருந்து வந்தது. கடைசி இனத்தை யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். 'அண்டா கைப்பிடி', 'பாட்டியின் குடம்' என்றெல்லாம் இருக்கும். அந்த முதல் காலணாவுக்கு எதிரே 'செம்பு, 6.31, புளி போட்டது' என்று இருக்கிறது.

குடத்தடியில் ஒட்டிய மாதிரிக் கட்டியாகக் கிடைத்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். சுத்தியலும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப்போடுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள். ஒரு வாரத்தில் ஓரத்துக் காசு அசைய ஆரம்பிக்கும். வேலமுள்ளால் மெதுவாக நெம்பினால் ஒன்று கழன்று வரும். வராததை விட்டுவிடுங்கள், மறுபடி தண்ணீரில் கிடக்கட்டும். கழன்றதைத் துடைக்காமல் நிழலில் காயவிட்டு, தராசில் வையுங்கள்.